மழை லீவும் ஒரு கிண்ணம் தண்ணியும்
அடுப்பங்கரை கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எனக்கு மஞ்சக்குப்பம். நாத்தனார் குடும்பம் கனடால மான்ட்ரியல் பக்கம் இருக்காங்க. போன வாரம் வீடியோ கால்ல அவங்க பசங்க வீட்டு வாசல்லயே கொட்டிக் கெடக்குற பனில ஏதோ சிரப்ப சுடச்சுட ஊத்தி, குச்சில சுத்தி சுத்தி சப்பினதக் காட்டுனாங்க. அதப் பார்த்ததுலேருந்து என் பொண்ணு (4வது), பையன் (1வது) ரெண்டு பேரும் "நமக்கு எப்பம்மா பனி கொட்டும்"னு உயிர எடுக்குறாங்க. புயல் வேற வருதாம், ஸ்கூல் லீவு விட்டா இதுங்கள வீட்டுக்குள்ள வெச்சு சமாளிக்கணும். அந்த மேப்பிள் சிரப் ஆன்லைன்ல பார்த்தா விலையே தலைய சுத்துது. வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் ஃப்ரீசர்ல படிஞ்சிருக்குற பனிய சுரண்டி அதுல சர்க்கரைப் பாகு ஊத்தலாம்னு சொல்றார். செய்யலாமா?

பதில்: உங்க வீட்டுக்காரர் ஐடியாவுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், வேண்டவே வேண்டாம். நம்ம கடலூர் வீட்டு ஃப்ரீசர்ல என்னல்லாம் இருக்கும்னு எனக்குத் தெரியாதா, ஞாயித்துக்கிழமை வாங்கின வஞ்சிரத்துல பாதி அங்கதான் தூங்கிட்டு இருக்கும், அந்த வாசனையெல்லாம் அந்தப் பனில ஏறிப் போயிருக்கும், மிட்டாய் மீன் கொழம்பாயிடும்.

அவங்க என்ன பண்றாங்கன்னு சொல்றேன். மேப்பிள் மரத்துல ஓட்ட போட்டு வடியுற நீர எடுக்குறாங்க, நம்மூர்ல பனைல பதநீர் எறக்குற மாதிரின்னு வெச்சுக்கங்க, ஆனா இது பதநீர் அளவுக்கு இனிக்காது, சுமார் 2 சதவீதம்தான் சர்க்கரை இருக்கும், வாய்ல விட்டா தண்ணி மாதிரிதான் இருக்கும். அதக் காய்ச்சிக் காய்ச்சி கிட்டத்தட்ட 40 லிட்டர் நீர 1 லிட்டர் சிரப் ஆக்குறாங்க, விலை தலைய சுத்தாம என்ன பண்ணும். ராத்திரி உறையணும், பகல்ல உருகணும், அப்பதான் மரத்துல நீர் ஓடும், அதனால அவங்களுக்கு சீசன் பிப்ரவரி கடைசிலேருந்து ஏப்ரல் வரைக்கும். நாம மாசி பங்குனிய பின்பனிக் காலம்னு சொல்றோமே, கிட்டத்தட்ட அதே நாள்தான், இங்க அப்ப வேர்க்க ஆரம்பிச்சிடும்ங்கறது வேற விஷயம். உங்க நாத்தனார் இப்ப பண்ணது பாட்டில் சிரப்பா இருக்கும், அதுக்கு சீசன்லாம் கெடையாது, வாசல்ல பனி இருந்தாப் போதும்.

அந்த சிரப்ப மறுபடி அடுப்புல வெச்சு 112, 114 டிகிரி வரைக்கும் கொதிக்க விட்டு, சுத்தமா புதுசா விழுந்த பனிய அமுக்கி வெச்சு அது மேல கோடு கோடா ஊத்துவாங்க. சட்டுனு குளிர்ந்துடுறதால சர்க்கரை மணி கட்டுறதுக்கு நேரமே கெடைக்காது, ரப்பர் மாதிரி இழுவையா நிக்கும். அதையே அடுப்புலேருந்து எறக்கி கிண்டிக்கிட்டே ஆற விட்டீங்கன்னா மொத்தமும் மணி கட்டிப் போயிடும், நாம பாகு பூத்துப்போச்சுன்னு சொல்வோமே அதேதான்.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. 112 டிகிரின்னு சொன்னேன்ல, அது நம்ம அதிரசத்துக்கு எடுக்குற உருட்டுப் பதம். நாம அதுக்கு தெர்மாமீட்டரா வெக்கிறோம், ஒரு கிண்ணத்துல பச்சத் தண்ணி வெச்சுக்கிட்டு ஒரு சொட்டு பாகு விட்டுப் பார்க்குறோம், வெரலால கூட்டினா சேர்ந்து வரணும், உருட்டினா உருளணும், அவ்ளோதான். கனடால பனி பண்ற வேலையதான் நம்ம வீட்டு கிண்ணத்துத் தண்ணி காலங்காலமா பண்ணிட்டு இருக்கு, நாம அதுக்கு மிட்டாய்னு பேர் வெக்கல, பதம் பார்க்குறதுன்னு சொல்லிட்டுப் போயிட்டோம்.

எங்க வீடு அப்ப திருப்பாப்புலியூர்ல. கார்த்திகைக்கு முன்னாடி நாள் பொரி உருண்டைக்குப் பாகு வெப்பாங்க எங்கம்மா, நாங்க நாலு பேரும் அடுப்பங்கரைல அந்தக் கிண்ணத்த சுத்தி ஒக்கார்ந்துடுவோம். ஒரு சொட்டு விடுவாங்க, உருட்டிப் பார்ப்பாங்க, "ப்ச், இன்னும் வரலடி"ன்னு சொல்லி ஒருத்தர் வாய்ல போடுவாங்க. அப்புறம் இன்னொரு சொட்டு, இன்னொரு வாய். நாலாவது ஆள் வாய்க்குப் போன பிறகுதான் பதம் வந்துச்சுன்னு சொல்வாங்க. அம்மாவுக்கு பதமே சரியாப் பார்க்கத் தெரியலன்னு ரொம்ப நாள் நெனச்சிட்டு இருந்தேன், நான் சமைக்க ஆரம்பிச்சு ரெண்டு பிள்ள பெத்த அப்புறம்தான் வெளங்குச்சு, ஒன்னு ரெண்டு சொட்டு முன்னாடியே பாத்திரத்தப் பாதி எறக்கி அடுப்ப சின்னதாக்கி வெச்சிட்டு சும்மா சொல்லியிருக்காங்கன்னு.

அதனால உங்க பசங்களுக்கு நீங்க செய்ய வேண்டியது இதுதான். நல்ல அகலமான எவர்சில்வர் தட்டுல ஒரு வெரல் கனத்துக்குத் தண்ணி ஊத்தி ராத்திரியே ஃப்ரீசர்ல வெச்சிடுங்க. காய்ச்சி ஆறின தண்ணியா இருக்கட்டும், அது மேல ஊத்துனததான் பசங்க திங்கப் போறாங்க, மழை நாள்ல குழாத் தண்ணி எப்படி வரும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. மீன் வாசன ஒட்டாம மேல ஒரு மூடி. சிலர் ஐஸ் கட்டிய துண்டுல சுத்தி குழவிக்கல்லால ஒடச்சு பொடியாப் பரப்புறாங்க, பார்க்க பனி மாதிரியே இருக்கும், ஆனா நம்மூர் சூட்டுக்கு ரெண்டு நிமிஷத்துல தண்ணி விட்டுப் பாகக் கரைச்சிடும். பசங்களுக்கு ஒடைக்குறதுதான் ஜாலின்னா ஒடைக்க விடுங்க, பரப்பி அமுக்கி மறுபடி அரை மணி நேரம் ஃப்ரீசர்ல வெச்சு எடுங்க.

ஒரு கப் பொடிச்ச வெல்லம், கால் கப் தண்ணி. கரைஞ்சதும் கட்டாயம் வடிகட்டுங்க, மண்ணு இருக்கும், கரும்பு சக்கை இருக்கும். அடி கனமான பாத்திரத்துல மறுபடி ஊத்தி மிதமான தீயில கொதிக்க விடுங்க. மொதல்ல பெரிய பெரிய நுரையா பொங்கும், தண்ணி சுண்டச் சுண்ட நுரை சின்னதாகி கெட்டியா, சோம்பேறித்தனமா கொதிக்க ஆரம்பிக்கும், அப்ப கிண்ணத்துத் தண்ணில ஒரு சொட்டு. கரைஞ்சு ஓடுச்சுன்னா விடுங்க இன்னும். சேர்ந்து வந்து மெத்துனு உருண்டுச்சுன்னா அடுப்ப அணைச்சு, அரை நிமிஷம் பொறுத்து, தட்டு ஐஸ் மேல ஸ்பூனால கோடு கோடா ஊத்துங்க. பத்து எண்ணுங்க, பொண்ண எண்ணச் சொல்லுங்க. ஐஸ்கிரீம் குச்சிய ஒரு முனைல வெச்சு அவங்களே சுருட்டட்டும். வெல்லத்தோட மணத்துக்கு, ஒரு சிட்டிக சுக்கும் போட்டிருந்தா, அந்த மேப்பிளே வேணாம்பாங்க. நான் மேப்பிள் சாப்பிட்டிருக்கேன், ஒருத்தர் கொண்டு வந்து கொடுத்தாங்க, நல்லாதான் இருக்கு, ஆனா நம்ம கருப்பட்டிக்கு முன்னாடி கொஞ்சம் சாது.

கருப்பட்டிலயும் பண்ணலாம்னு இப்பவே சொல்லிட்டேன். அதுலயும் மண்ணு இருக்கும், நல்லா வடிகட்டுங்க.

வெள்ளைச் சர்க்கரைல பண்ணா நாலு சொட்டு எலுமிச்ச சாறு சேருங்க, இல்லன்னா பூத்துப்போகும். வெல்லத்துல குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் எல்லாம் இயற்கையாவே கொஞ்சம் கலந்திருக்கு, அதனால சட்டுனு பூக்காது. வெல்லம் வாங்கும்போது பளபளன்னு மஞ்சளா இருக்குறத எடுக்காதீங்க, கெமிக்கல் போட்டு வெளுத்ததா இருக்கும், கறுத்த வெல்லம்தான் பார்க்க நல்லா இருக்காது, வாய்க்கு நல்லா இருக்கும். கடைல பாகு வெல்லம்னு கேளுங்க.

புயல்னா கரண்ட் போகும், ஐஸ் இருக்காது. அப்ப கிண்ணத்துத் தண்ணிதான் கனடா. பசங்க ஆளுக்கொரு கிண்ணம் வெச்சுக்கிட்டு ஒக்காரட்டும், நீங்க சொட்டு சொட்டா விடுங்க, "வரலடா இன்னும்"னு சொல்ல மறந்துடாதீங்க. கேஸ் சிலிண்டர் மட்டும் இருக்கான்னு பார்த்து வெச்சுக்கங்க, 2011 டிசம்பர் 30 "தானே" புயல் அப்ப எங்க தெருவுல பாதிப் பேர் சிலிண்டர் இல்லாமதான் மாட்டுனாங்க.

கேள்வி: நான் பாண்டிச்சேரி லாஸ்பேட்டை. நேத்து பொண்ணோட சேர்ந்து கடலை மிட்டாய் போட்டேன், அன்னிக்கு மொறுமொறுன்னு இருந்துச்சு, இன்னிக்குக் காலைல கையில ஒட்டுது, ஒன்னோட ஒன்னு கட்டிக்கிட்டு பிரிக்கவே முடியல. கோவில்பட்டி மிட்டாய் மட்டும் எப்படி அப்படியே இருக்கு?

பதில்: கோவில்பட்டி கரிசல் காடு, நீங்க இருக்குறது கடலோரம், அதுவும் இந்த மாசத்துல. நம்ம வீட்டு உப்பு ஜாடியே இப்ப அழுதுக்கிட்டு இருக்கும்போது மிட்டாய் மட்டும் எப்படி சிரிக்கும். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020லயே புவிசார் குறியீடு கொடுத்தாங்க, அவங்க கைப்பக்குவம் தனி, அத நான் கொறச்சு சொல்லல, ஆனா அவங்க மிட்டாயையும் பாக்கெட்டப் பிரிச்சு இங்க தட்டுல வெச்சா மறுநாள் ஒட்டத்தான் செய்யும். வெல்லம் காத்துல இருக்குற ஈரத்த இழுக்கும், அது அதோட குணம்.

நீங்க ரெண்டு இடத்துல தப்பியிருக்கலாம்னு தோணுது. ஒன்னு பதம். உருட்டுப் பதத்துல கடலைய கொட்டினா மிட்டாய் வராது, ஒட்டு மாவுதான் வரும். தண்ணில விட்ட சொட்ட எடுத்து அந்தக் கிண்ணத்து ஓரத்துல போட்டா டங்குனு சத்தம் கேக்கணும், வளைச்சா வளையாம படக்குனு முறியணும். பாகுல தண்ணி குறைய குறைய சூடு ஏறும், அதிரசப் பதம் 112லன்னா சர்க்கரைப் பாகு முறியுற பதத்துக்கு 146 தாண்டணும். அந்த நேரத்துல கண்ண எடுத்தீங்கன்னா வெல்லம் கருகிடும், போன் அடிச்சா எடுக்காதீங்க, மாமியாரே ஆனாலும். மழை நாள்ல வழக்கத்தவிட ஒரு நொடி அதிகமாவே விடுங்க.

ரெண்டாவது, கடலை. வறுத்த கடலைன்னு வாங்கி வெச்சிருப்பீங்க, அது நமுத்துப் போயிருக்கும். பாகு வெக்கிறதுக்கு முன்னாடி வெறும் வாணல்ல அஞ்சு நிமிஷம் சூடு காட்டி, தோல உள்ளங்கைல தேச்சு ஊதிடுங்க. ஊதுற வேலைய பொண்ணுகிட்ட விடுங்க, வீடெல்லாம் தோல் பறக்கும், கூட்டிக்கலாம்.

துண்டு போட்டது முழுசா ஆறினதும், முழுசான்னா தொட்டா சில்லுனு இருக்கணும், உடனே காத்துப் புகாத டப்பாவுல போட்டு அடுக்குக்கு நடுவுல பட்டர் பேப்பர் வெச்சு மூடிடுங்க. சூட்டோட மூடினா உள்ளயே வேர்த்து ஒட்டும். இப்ப ஒட்டிப் போனதத் தூக்கிப் போடாதீங்க, வாணல்ல போட்டு சின்னத் தீயில உருக்கி, டங் சத்தம் வந்ததும் மறுபடி தட்டுல கொட்டித் தேய்ங்க, கொஞ்சம் கறுத்திருக்கும், பொண்ணு கண்டுபிடிக்க மாட்டா.

கேள்வி: அம்மாடி, நான் கடலூர் ஓ.டி.ல (ஓல்டு டவுன்) இருக்கேன், வயசு 67. பேரன் 5 வயசு, பொரி உருண்டை புடிக்கும்போது நானும் நானும்னு வந்தான், பாகு அவன் வெரல்ல தெறிச்சிடுச்சு. கொஞ்சம் சிவந்துச்சு, நான் அரிசி மாவ அப்பினேன். மருமக வந்து ஒரே சத்தம், இனிமே அடுப்பு பக்கமே கூப்பிடாதீங்கன்னுட்டா. நான் பண்ணது தப்பா?

பதில்: அம்மா, பேரனக் கூப்பிட்டது தப்பில்ல, மாவு அப்பினது தப்புங்க, மருமக மேலயும் கோச்சுக்காதீங்க, பயத்துல கத்தியிருப்பா. கொதிக்குற தண்ணி பட்டா வழிஞ்சு ஓடிடும், பாகு அப்படி ஓடாது, ஒட்டிக்கிட்டு உள்ள சுடும், தண்ணியவிட சூடும் அதிகம். பட்ட உடனே குழாயத் திறந்து ஓடுற தண்ணில கைய வெச்சுடணும், ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம் இல்ல, 20 நிமிஷம். ஒட்டின பாக பிச்சு எடுக்கக் கூடாது, தண்ணிலயே கரைஞ்சு போயிடும். மாவு, மை, பேஸ்ட், வெண்ணெய் எதுவும் வேணாம், ஐஸையும் நேரா வெக்காதீங்க. கொப்புளம் வந்தா ஒடைக்காதீங்க, முகத்துலயோ மூட்டுலயோ பட்டா, இல்ல குழந்தை உள்ளங்கை அளவுக்குப் பெருசா இருந்தா டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

பேரனுக்கு வேலை கொடுங்க, அடுப்பு பக்கத்துல இல்லாம. பொரியப் புடைக்குறது, பொட்டுக்கடலை எண்ணிப் போடுறது, தேங்காப் பல்ல திருடித் திங்குறது (அதுவும் வேலைதான்), ஏலக்காய் தட்டுறது. பாக ஊத்திக் கிளறுறது நீங்க. நாலு கப் பொரிக்கு முக்கால் கப் வெல்லம் போதும், கிளறினதும் ஒடனே புடிச்சாதான் உருண்டை நிக்கும், ஆனா அந்த சூடு நம்ம கைக்குப் பழகினது, அவன் கைக்கு இல்ல. அதனால முதல் நாலு உருண்டை நீங்க புடிங்க, அடில ஒரு கைப்பிடி ஆற விட்டு, கைல அரிசி மாவு தொட்டுக் கொடுத்து அவன புடிக்கச் சொல்லுங்க. உருண்டையா வராது, கொழுக்கட்டை மாதிரி எதோ வரும், அத சாமிக்கு முதல்ல வைங்க.

இன்னொன்னு, வீட்ல 4 வயசுக்குள்ள வேற பிள்ள இருந்தா முழுக் கடலை, கெட்டி மிட்டாய், அந்த இழுவை மிட்டாய் எதுவும் கையில கொடுக்காதீங்க, தொண்டைல போயிடும். பொரி உருண்டைய உதிர்த்து வேணா கொடுக்கலாம், தேங்கா கடலை இல்லாம.

கேள்வி: முத்தியால்பேட்டை. எங்க பக்கத்து வீட்ல கிறிஸ்துமஸுக்கு விவிக்கம் கேக் போடுவாங்க, என் பசங்களும் கேக்குறாங்க. மைதா கேக்தான் எனக்குத் தெரியும், இது வேறயாமே?

பதில்: வேறதான். விவிக்கம் பாண்டிச்சேரி சொத்து, மைதாவுக்கு பதில் ரவை, வெண்ணெய், முட்டை, ரம்ல ஊறின உலர் பழம். வெண்ணெயும் ரவையும் முந்தின நாளே கலந்து ஊற வெச்சா கேக் மெத்துனு வரும், இல்லன்னா பல்லுல நறநறங்கும். பசங்களுக்குன்னா ரம்முக்கு பதில் ஆரஞ்சு ஜூஸ்ல பழத்த ஊற வைங்க, ஆனா ரம்முல ஊறினது மாதிரி நாள்பட நிக்காது, ரெண்டு மூணு நாள்ல காலி பண்ணிடுங்க. முந்திரி பண்ருட்டிலேருந்து யாராவது வந்தா சொல்லி வாங்கிக்கங்க, ரெண்டு மணி நேரப் பயணத்துக்குள்ள முந்திரிக்காடு இருக்கும்போது பாக்கெட்டுல வாங்குறது எனக்கு மனசு கேக்காது. அளவோட முழு செய்முறை கேட்டா பக்கத்து வீட்ல கேக்குறதுதான் நியாயம், ஒரு தட்டு பொரி உருண்டையோட போங்க, சொல்லிக் கொடுப்பாங்க.

கேள்வி: சார்னு எழுதறதா மேடம்னு எழுதறதான்னு தெரியல. வில்லியனூர். மனைவி ஊருக்குப் போயிருந்தப்ப யூடியூப் பார்த்து பசங்களோட மிட்டாய் பண்ணேன். வாணல் அடில கறுப்பா கல்லு மாதிரி ஒட்டிப்போச்சு. நாளைக்கு மனைவி வர்றா. உதவி.

பதில்: அக்கான்னே எழுதுங்க தம்பி. கத்தி, கம்பி நார்னு எதையும் தொடாதீங்க. அது எவ்ளோ கல்லானாலும் சர்க்கரைதான், தண்ணிக்கு அடங்கும். வாணல் முக்கால் தண்ணி ஊத்தி அடுப்புல வெச்சு கொதிக்க விடுங்க, பத்து நிமிஷத்துல பாதி கரைஞ்சிடும், கரண்டியவும் அதுக்குள்ளயே போட்டுடுங்க. ரொம்பக் கருகினது அடில நிக்கும், ராத்திரி தண்ணியோட ஊற விட்டு காலைல தேய்ச்சா போயிடும். தரைல சொட்டினதுக்கும் சுடுதண்ணித் துணிதான், இன்னிக்கே தொடைச்சிடுங்க, இல்லன்னா மனைவிக்கு முன்னாடி எறும்பு வந்து சொல்லிடும்.

கேள்வி: ஆன்ட்டி, நான் 5ஆம் வகுப்பு, நெல்லிக்குப்பம். தமிழ்நாட்டுல பனி மழை பெய்யுமா? கரும்புச் சாறுலயும் கனடால பனில ஊத்திப் பண்ற அந்த மேப்பிள் மிட்டாய் வருமா?

பதில்: கண்ணா, ஊட்டில டிசம்பர் ஜனவரில காலைல புல்லு மேல வெள்ளையா படியுதே, அது உறைபனி, தரைலயே உறையுறது, மேலேருந்து பஞ்சு மாதிரி கொட்டுறது இல்ல. நமக்கு மார்கழிக் காலைல பேப்பர் போடுற அண்ணன் மப்ளர் கட்டுற அளவுக்கு இருக்கே, அதான் பனி. எப்பவாச்சும் ஆலங்கட்டி மழை பெஞ்சா உண்டு, அதப் பொறுக்கி வாய்ல போடாத, தரைல விழுந்தது.

கரும்புச் சாறுல வரும், தாராளமா வரும். மேப்பிள் நீர் மாதிரி நாப்பது லிட்டரெல்லாம் வேணாம், 100 கிலோ கரும்புக்கு சுமார் 10 கிலோ வெல்லம் கெடைக்கும்னா பார்த்துக்க அதுல எவ்ளோ இனிப்புன்னு. உங்க ஊர் சர்க்கரை ஆலை 1842லேருந்து இருக்கு, அது கரும்ப வெச்சுதான் ஓடுது. அரவை நடக்குறப்ப அந்தப் பக்கம் பஸ்ல போனாலே ஒரு வாசன வரும்ல, எங்க பசங்க ஜன்னல தொறக்கச் சொல்லிக் கத்துவாங்க. ஆனா வீட்டு அடுப்புல சாற வெல்லமாக்கணும்னா அரை நாள் ஆகும், கேஸ் தீர்ந்துடும், அம்மா என்னத் திட்டுவாங்க. ஆலை இருக்குற ஊர்லயே இருக்குற உனக்கு எதுக்குடா அந்தக் கஷ்டம், தெருமுனைக் கடைல கால் கிலோ பாகு வெல்லம் வாங்கிட்டு வந்து அம்மாகிட்ட கொடு, கிண்ணத்துல தண்ணி நீ எடுத்து வை.